பந்தயக் களம் எங்கே அமைய வேண்டும்?
(ஒரு புவியியல் நோக்கு)

இளங்கலைப் புவியியல், மூன்றாம் ஆண்டு மாணவர்

முன்னுரை

ஒரு சந்தை ஏன் குறிப்பிட்ட ஓரிடத்தில் கூடுகிறது, ஓர் ஆலை ஏன் துறைமுகத்தின் அருகில் எழுகிறது என்பன போன்ற வினாக்களுக்கு விடை காண்பது புவியியலின் ஒரு கிளையாகும். ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரட் வெபர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழிலக அமைவிடக் கொள்கையை நாம் வகுப்பில் பயின்றிருக்கிறோம். மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, சந்தை எங்கே இருக்கிறது, இவற்றுக்கிடையே ஏற்றிச் செல்ல என்ன செலவாகும், கூலி எவ்வளவு, ஒத்த தொழில்கள் அருகருகே இருப்பதால் என்ன நன்மை என்பவற்றை எல்லாம் சீர்தூக்கிப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அக்கொள்கையின் சாரம்.

இதே அளவுகோலை ஒரு விளையாட்டுக்கும் வைத்துப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை. நான் எடுத்துக்கொண்ட விளையாட்டு கார்ப் பந்தயம். தேசிய அளவிலான ஒரு அமெச்சூர் கார்ப் பந்தயத்தை நடத்த ஏற்ற இடம் எது? நாடகத்தில் அமெச்சூர் குழு என்கிறோமே, அதுபோல வேறு தொழில் செய்து பிழைத்துக்கொண்டு, ஆர்வத்தினால் தம் கைப்பணத்தைச் செலவிட்டு ஓட்டுபவரே இங்கு அமெச்சூர் வீரர். நம் நாட்டுத் தேசியப் பந்தயங்களில் ஓடுவோரில் பெரும்பாலோர் இத்தகையோரே.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், தண்டலம் கடந்து சென்றால் இருங்காட்டுக்கோட்டை வந்துவிடும். நாட்டின் பெயர்பெற்ற பந்தயக் களங்களுள் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

சோழவரம்: இரவல் நிலம்

சென்னையில் கார்ப் பந்தயத்தை வளர்த்த அமைப்பு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். இது 1953இல் தோன்றியது. இந்தச் சங்கத்தின் பந்தயங்கள் 1950களில் தொடங்கி 1980கள் வரை, செங்குன்றத்திற்கு அப்பால் உள்ள சோழவரத்தில் நடைபெற்றன. அங்கிருந்தது பந்தயத்துக்கென அமைத்த பாதை அன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட விமான ஓடுதளம்.

இது சென்னைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. போர் முடிந்ததும் பயனற்றுக் கிடந்த விமானத் தளங்கள் உலகின் பல பகுதிகளிலும் பந்தயக் களங்களாக மாறின. 1950ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதல் பார்முலா 1 பந்தயம் நடந்த இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் அவ்வாறு உருவானதே. ஓடுதளத்தில் மரம் இல்லை, வீடு இல்லை, மேடு பள்ளம் இல்லை. கெட்டியான தளம் முன்பே போடப்பட்டிருக்கிறது. புதிதாகப் பாதை அமைக்க வழியில்லாத ஒரு சங்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பருவமும் அறிந்து தேர்ந்தார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை தொடங்குவதற்கு முந்திய ஆண்டுத் தொடக்க மாதங்களில் சோழவரத்தில் பந்தயம் களைகட்டும். பல்லாயிரம் பேர் திரண்டு வந்த அந்த நாட்களைப் பற்றி எங்கள் தெருவில் முதியவர் சிலர் இன்றும் ஆர்வத்தோடு பேசுவார்கள்.

ஆயினும் சோழவரத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது சங்கத்தின் சொந்த நிலம் அன்று. இரவல் நிலத்தில் நிலையான பார்வையாளர் மேடை கட்ட இயலாது. பாதுகாப்புச் சுவர் எழுப்ப இயலாது. ஒவ்வொரு முறையும் கொட்டகை போட்டு, கயிறு கட்டி, முடிந்ததும் பிரிக்க வேண்டும். கார்களின் வேகம் கூடக் கூடக் கயிறும் வைக்கோல் கட்டும் போதாமற் போயின.

இருங்காட்டுக்கோட்டை: சொந்த நிலம்

எனவே அச்சங்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கிப் பாதை அமைத்தது. 1990இல் அது திறக்கப்பட்டது. முழுச் சுற்றின் நீளம் 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கிய இக்களம் இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் எனப்படுகிறது.

இடத்தேர்வை வெபரின் கண்ணால் பார்ப்போம். பந்தயத்துக்கு மூலப்பொருள் காரும் அதன் உதிரிப் பாகங்களும். உழைப்பு என்பது மெக்கானிக்குகளும், களத்தில் கொடி பிடித்து நிற்கும் மார்ஷல்களும். பாடியில் சக்கரமும் பிரேக்கும் செய்யும் ஆலைகள் 1960களிலேயே எழுந்தன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அதே பத்தாண்டில் வளர்ந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. ஆக, இரும்பைக் கடைந்து, அறுத்து, பற்றவைக்கத் தெரிந்த கைகள் சென்னையின் மேற்குப் புறநகரில் ஏராளம். பந்தயப் பாதை வந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1998இல், அதே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை கார் உற்பத்தியைத் தொடங்கியது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

இக்கட்டுரைக்காக ஒரு பந்தய நாளில் நான் அங்கு சென்றிருந்தேன். கார்களைப் பழுது பார்க்கும் பகுதியில், அம்பத்தூரில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரைச் சந்தித்தேன். வார நாட்களில் ஆலைகளுக்குப் பாகம் கடைந்து கொடுப்பவர். பந்தய நாட்களில் ஒரு வீரருக்குத் துணையாக வருகிறவர்.

“அண்ணே, இந்த இடத்துல என்ன விசேஷம்?” என்று கேட்டேன்.

“தம்பி, ஓட்டுறவன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் வண்டி நின்னுபோச்சுன்னா அவ்வளவுதான். சனிக்கிழமை ராத்திரி ஒரு சாமான் உடைஞ்சா, இங்கேருந்து போயி என் பட்டறையைத் திறந்து கடைஞ்சு எடுத்தாந்துடுவேன். காலையில வண்டி ஓடும். வேற ஊர்ல நான் யார் கதவைத் தட்டுறது?” என்றார்.

ஒத்த தொழில்கள் ஒருங்கே அமைவதால் விளையும் நன்மை என்று பாடநூல் பல பக்கங்களில் கூறுவதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

சந்தை யாது?

இனி வெபரின் அடுத்த கூறாகிய சந்தைக்கு வருவோம். பந்தயத்தின் சந்தை பார்வையாளர் கூட்டம் என்றே எவரும் எண்ணுவர். பெரும்பணம் புரளும் தொழில்முறைப் பந்தயத்துக்கு அது பொருந்தும். அமெச்சூர் பந்தயத்தின் நிலை வேறு. அங்கு நுழைவுக் கட்டணம் செலுத்தி, டயர் வாங்கி, காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவருபவர் வீரரே. ஆகவே அவரே சந்தை. அவர் வந்து சேரும் தொலைவையே நாம் முதலில் அளக்க வேண்டும்.

இவ்வகையில் இருங்காட்டுக்கோட்டையின் இடம் சிறப்பானது. கார்ப் பந்தயத்தில் ஊன்றிய தென்னக நகரங்கள் சென்னை, கோவை, பெங்களூர் என மூன்று. பெங்களூர் அதே நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கோவை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். ஓர் இரவில் காரைக் கொண்டு வந்துவிடலாம். 2005இல் இந்தியாவின் முதல் பார்முலா 1 வீரரான நாராயண் கார்த்திகேயன் கோவையைச் சேர்ந்தவர். அவருக்குப் பின் 2010இல் அந்நிலையை எட்டிய கருண் சந்தோக் சென்னையைச் சேர்ந்தவர். களம் அருகில் இருந்த ஊர்களிலிருந்தே வீரர்கள் எழுந்தார்கள் என்பது தற்செயல் ஆகாது.

ஆனால் டெல்லி வீரருக்கு இதே இடம் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஒரே களத்தை நிலையாக வைத்தால் அருகில் இருப்பவருக்கு இருவகை ஊதியம்: செலவும் குறையும், பாதையின் ஒவ்வொரு திருப்பமும் மனப்பாடமாகிவிடும். தொலைவில் இருப்பவருக்கு இரண்டும் இழப்பே. தேசியப் பட்டம் என்ற பெயருக்கு இது நியாயமா என்ற கேள்வி எழுகிறது.

அமெரிக்காவில் அமெச்சூர் வீரர்களின் பெருஞ்சங்கமான எஸ்.சி.சி.ஏ. இந்தக் கேள்வியை நெடுங்காலம் சந்தித்து வந்துள்ளது. அதன் தேசிய இறுதிப் போட்டி 1964இல் மேற்குக் கரையில் கலிபோர்னியாவின் ரிவர்சைடிலும், மறு ஆண்டு தென்கிழக்கே புளோரிடாவின் டேடோனாவிலும் நடந்தது. இப்படி மாறி மாறி நடந்த பின்னர், 1970 முதல் 1993 வரை ஜார்ஜியா மாநிலத்தின் ரோடு அட்லாண்டாவிலேயே நிலைகொண்டது. பிறகு 2005 வரை ஒஹையோ மாநிலத்தின் மிட்-ஒஹையோவில் நடந்தது. 2014 முதல் மீண்டும் ஊர் ஊராக மாற்றுகிறார்கள். அவ்வாண்டு கலிபோர்னியா, அடுத்த ஆண்டு புளோரிடா, 2017இல் இண்டியானாபொலிஸ். நிலைத்த இடத்தின் நன்மையையும் சுழலும் இடத்தின் நியாயத்தையும் அறுபது ஆண்டுகளாக அவர்கள் மாற்றி மாற்றி எடைபோடுகிறார்கள்.

நம் நாட்டில் தேசியப் பந்தயங்கள் ஓராண்டில் பல சுற்றுகளாக நடத்தப்படுவது இதற்கு ஒருவகைத் தீர்வு. கோவை செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இந்தியப் பந்தயக் கார்களை வடிவமைத்து, 1995இல் விமான விபத்தில் மறைந்த கோவை கரிவர்தனின் நினைவாக அதற்கு அப்பெயர். டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் புத்தா சர்க்யூட் இருக்கிறது. சுற்றுகளைப் பகிர்ந்தளித்தால் சுமையும் பகிரப்படும்.

வேகமும் வெளியும்

செலவைக் காட்டிலும் முதன்மையானது உயிர். இடத்தேர்வில் உயிர்க்காப்பு எவ்வாறு இடம்பெறுகிறது என்பதை ஒரு எளிய கணக்கால் விளக்கலாம். ஓடும் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். உலர்ந்த பாதையில், நல்ல டயரோடு, விநாடிக்கு விநாடி 8 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருவது நிற்க ஏறத்தாழ 48 மீட்டர் வேண்டும். வேகம் 200 ஆனால் அது 96 ஆகாது. 193 மீட்டர் ஆகும். வேகம் இருமடங்கு, வெளி நான்கு மடங்கு.

ஆகவே நேர்பாதையின் முடிவில் திருப்பத்துக்கு அப்பால் திறந்த வெளி வேண்டும். அதில் சரளைக் கற்கள், டயர் அடுக்கு, அதன் பின்னே தடுப்பு, அதற்கும் பின்னேதான் மக்கள். இந்த வெளியைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை வரலாறு காட்டியுள்ளது. 1955 ஜூன் 11இல் பிரான்சின் லீ மான்ஸ் பந்தயத்தில் ஒரு கார் சிதறிக் கூட்டத்தில் பாய்ந்து 80க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் சுவிட்சர்லாந்து தன் நாட்டில் சுற்றுப்பாதைப் பந்தயங்களையே பல பத்தாண்டுகள் தடை செய்தது. அண்மையில், 2024 ஏப்ரல் 21இல், இலங்கையின் தியத்தலாவையில் பாதையை விட்டு விலகிய கார் மோதி 7 பேர் உயிரிழந்தனர்.

நிலையான களத்திலும் இடர் முற்றாக நீங்குவதில்லை. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் மூத்த கார் வீரர் ஒருவரும், அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கு நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவர் ஒருவரும் உயிரிழந்தனர். அச்சிறுவரின் வயது நம் வீட்டுத் தம்பிமாரின் வயது. எந்த வயதில் எந்த வண்டியைக் கொடுப்பது என்பதை நிலப்படம் தீர்மானிக்காது. மனிதர்தாம் தீர்மானிக்க வேண்டும். இடம் செய்யக்கூடியது ஒன்றே: தவறு நேரும்போது அதற்கு விலையாக உயிர் போகும் வாய்ப்பைக் குறைப்பது. தடுப்பை மாற்றலாம், சரளையை விரிவாக்கலாம், மருத்துவ ஊர்தி நிற்குமிடத்தைத் திருத்தலாம். சொந்த நிலமாக இருந்தால் ஒரு விபத்து கற்பித்த பாடம் அடுத்த ஆண்டுக்கும் அங்கேயே நிலைத்திருக்கும். தண்டலத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்று இருப்பதும் இவ்விடத்தின் நலன்களுள் ஒன்று.

நகரத் தெருவே களமானால்?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோமீட்டர் தெருப்பாதையில் பார்முலா 4 பந்தயம் இரவு விளக்கொளியில் நடந்தது. பந்தயத்தையே பார்த்திராத பலர் அன்று பார்த்தார்கள். மக்களைக் களத்துக்கு அழைப்பதற்கு மாறாக, களத்தை மக்களிடம் கொண்டு செல்லும் முறை இது. அதன் ஈர்ப்பை மறுப்பதற்கில்லை.

அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். அப்பந்தயம் முதலில் 2023 டிசம்பருக்குக் குறிக்கப்பட்டிருந்தது. மிக்ஜாம் புயல் வந்தது, நகரம் வெள்ளத்தில் மூழ்கியது, பந்தயம் தள்ளிப்போயிற்று. நடத்தலாமா என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. பாதையை ஒட்டி ஓமந்தூரார் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஒலியைப் பற்றி இயற்பியல் கூறுவது, திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும் என்பது. தெருவில் அந்தத் தொலைவைத் தருவதற்கு இடம் ஏது? திறந்த வெளிக்குப் பதிலாகக் கான்கிரீட் சுவர் வைத்தே வண்டியை அடக்க வேண்டும். முடிந்ததும் சுவரையும் வேலியையும் பெயர்த்தெடுக்க வேண்டும்.

ஹைதராபாத்தின் அனுபவமும் நமக்குப் பாடம். 2023 பிப்ரவரி 11இல் ஹுசைன் சாகர் கரையில் மின்சாரக் கார்களின் பார்முலா ஈ பந்தயம் சிறப்பாக நடந்தது. மறு ஆண்டுக்குக் குறிக்கப்பட்ட பந்தயம், மாநிலத்தில் ஆட்சி மாறிய பின்னர், 2024 ஜனவரியில் கைவிடப்பட்டது. சோழவரத்தின் குறையே இங்கு வேறு உருவில் வருகிறது. தெருவும் இரவல் நிலமே.

சொந்த நிலம் இருந்தாலும் பந்தயத்தின் அளவு அதற்குப் பொருந்த வேண்டும் என்பதற்குக் கிரேட்டர் நொய்டா சான்று. 2011, 2012, 2013 என மூன்றே ஆண்டுகள் பார்முலா 1 அங்கு நடந்து நின்றுபோயிற்று. பெருங்கூட்டத்தை நம்பிக் கட்டிய களம் கூட்டமின்றி வாழ்வது கடினம். வீரரின் கட்டணத்தையும் சங்கத்தின் உழைப்பையும் நம்பி நடக்கும் பந்தயத்துக்கு அடக்கமான களமே நீடிக்கும்.

நமக்கு இதில் என்ன?

இத்தலைப்பை நான் தேர்ந்தபோது எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர், “இது செல்வர் வீட்டு விளையாட்டு ஆயிற்றே, அரசு கல்லூரி மாணவருக்கு இதில் என்னப்பா அக்கறை?” என்று கேட்டார். நியாயமான வினா. பந்தயக் காரின் டயர் வாங்கும் பணத்தில் நம்மில் பலர் ஓராண்டுப் படிப்பை முடித்துவிடலாம்.

என் விடை இது. வேகத்தின் மீதுள்ள ஆசை செல்வர் வீட்டில் மட்டும் பிறப்பதில்லை. நசரத்பேட்டை வழியாகவும் நெமிலிச்சேரி வழியாகவும் செல்லும் வெளிவட்டச் சாலையில் இரவில் நம் வயது இளைஞர் சிலர் மோட்டார் சைக்கிளில் பந்தயம் விடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒருவன் அப்படி விழுந்து கால் முறிந்து, ஏழு மாதம் படுத்திருந்தான். அவனுடைய அம்மா ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் தைத்துச் சேர்த்த பணம் முழுதும் மருத்துவத்துக்குப் போயிற்று. அவன் விழுந்த இடத்தில் சரளையும் இல்லை, டயர் அடுக்கும் இல்லை, கொடி பிடிக்க ஒருவரும் இல்லை. பந்தயத்துக்கு இடம் தேர்ந்து வைப்பது என்பது, பந்தயம் நடக்கக் கூடாத இடம் எது என்று சொல்வதும் ஆகும். ஆனால் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, கூடும் இடத்தை எட்டாத விலையில் வைத்தால் அச்சொல் எடுபடாது.

மற்றொன்றும் உண்டு. அன்று நான் கண்ட களத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் வெயிலில் மார்ஷல்கள் நின்றார்கள். மஞ்சள் கொடி அசைந்தால் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் பந்தயம் நிறுத்தம். நீலக் கொடி பின்னால் விரைந்து வருபவருக்கு வழிவிடச் சொல்வது. ஒரு கார் திருப்பத்தில் சுழன்று மண்ணில் இறங்கியபோது, நான் எழுந்து நின்று பார்ப்பதற்குள் மஞ்சள் கொடி அசைந்துவிட்டது. இருவர் தீயணைப்பானோடு ஓடிவிட்டார்கள். ஓட்டியவர் தாமே இறங்கி நடந்து வந்தார். கார் வாங்க முடியாதவரும் ஆற்றக்கூடிய, கார் ஓட்டுவதற்குச் சற்றும் குறையாத பணி அது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், தேசிய அமெச்சூர் கார்ப் பந்தயத்துக்கு இடம் தேரும்போது பார்க்க வேண்டியவற்றை நான் இவ்வாறு வரிசைப்படுத்துவேன். முதலாவது, வேகத்துக்கேற்ற வெளியும் அருகில் மருத்துவமனையும். இரண்டாவது, ஆண்டுதோறும் எவர் தயவையும் நாடாமல் நடத்தக்கூடிய நில உரிமை. மூன்றாவது, வீரர் வந்து சேரும் தொலைவும், பட்டறையும், கைத்திறன் வாய்ந்த தொழிலாளரும். நான்காவது, பருவம். பார்வையாளர் கூட்டம் ஐந்தாவதாகத்தான் வரும்.

இவ்வரிசைப்படி சென்னை வட்டாரத்தில் இருங்காட்டுக்கோட்டையே தக்க இடம் என்பது என் முடிவு. தெருப் பந்தயம் எப்போதாவது ஒரு திருவிழாவாக நடக்கலாம். பட்டத்தைத் தீர்மானிக்கும் சுற்றுகளுக்கு நிலையான களமே வேண்டும். தேசியப் பட்டத்தின் இறுதிச் சுற்றை மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கோவைக்கும் வடக்கே நொய்டாவுக்கும் மாற்றினால் தொலைவில் உள்ளவரின் குறையும் தீரும்.

நம் வட்டாரத்துக்கென இரு விண்ணப்பங்கள் உண்டு. பந்தய நாட்களில் பூந்தமல்லியிலிருந்து களத்தின் வாயில் வரை தனிப் பேருந்து விட வேண்டும். ஆண்டில் சில நாட்களேனும், தலைக்கவசமும் உரிமமும் உள்ள உள்ளூர் இளைஞர் தம் மோட்டார் சைக்கிளில் பயிற்சியாளர் முன்னிலையில் குறைந்த கட்டணத்தில் ஓட்டிப் பார்க்க வழி செய்ய வேண்டும். மார்ஷல் பயிற்சிக்கு நம் கல்லூரியிலிருந்து பத்துப் பேர் முன்வந்தால், அப்பட்டியலில் என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளலாம்.